மேகம் கலையும்வரை காத்திருந்தது பயமா?

கேள்வி: 2007 ஜூனில் சுனிதா வில்லியம்ஸ் திரும்பிவந்த அட்லாண்டிஸ் விண்வெளி ஓடத்தை, மேகம், மழை என்று காரணம் சொல்லி ஒரு நாள் கூடுதலாகச் சுற்றவிட்டார்கள். சென்னையில் கொட்டுகிற மழையிலேயே விமானங்கள் இறங்குகின்றனவே! கல்பனா சாவ்லா விபத்துக்குப் பிறகு நாசாவைப் பிடித்துக்கொண்ட பயம்தானே இது? (ஒரு வாசகர், கோவில்பட்டி)

பதில்: இல்லை, நிச்சயமாக இல்லை. உங்கள் ஒப்பீடே தவறு. சென்னையில் இறங்குகிற விமானத்துக்கு இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுபாதை சரியாகத் தெரியவில்லை என்றால் விமானி மறுபடி மேலே ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அப்படியும் முடியாவிட்டால் பெங்களூருக்குப் போய்விடுவார். 2011 வரை பறந்த விண்வெளி ஓடத்துக்கு இந்த வசதி எதுவும் இருந்ததில்லை. காற்றுமண்டலத்துக்குள் வந்தபின் அது வெறும் கிளைடர், அதாவது இன்ஜின் உதவியில்லாமல் சறுக்கி இறங்கும் விமானம். கிட்டத்தட்ட 90 டன் எடை. பயணிகள் விமானம் 3 டிகிரி சரிவில் இறங்கும் என்றால், இது சுமார் 20 டிகிரி சரிவில் பாய்ந்து வரும். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 350 கிலோமீட்டர் அளவில் இருக்கும். கீழே வரத் தொடங்கிவிட்டால் இறங்க ஒரே ஒரு வாய்ப்புதான்.

அதைவிட முக்கியம், இறங்கலாம் என்ற முடிவை எப்போது எடுத்தார்கள் என்பது. மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிற ஓடம், வால்பக்கம் முன்னால் வரும்படி திரும்பிக்கொண்டு, சிறு இன்ஜின்களைச் சுமார் மூன்று நிமிடம் எரிக்கும். குறைவது மணிக்கு 300 கிலோமீட்டர் அளவுதான், ஆனால் கீழே விழத் தொடங்க அது போதும். இது நடப்பது தரையிறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, ஓடுபாதையிலிருந்து ஏறத்தாழ பாதி உலகத்துக்கு அப்பால். எரித்தபிறகு ‘வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்’ என்று திரும்ப முடியாது. ஆகவே ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் பார்க்க வேண்டியிருந்தது இப்போதைய வானத்தை அல்ல, இன்னும் ஒன்றரை மணி நேரம் கழித்து வரப்போகிற வானத்தை. அதுவும் ஜூன் மாத ஃப்ளோரிடாவில்! காலையில் பளிச்சென்று இருக்கும், கடற்காற்று உள்ளே வந்ததும் மதியத்துக்குள் இடிமேகம் திரண்டுவிடும். ஓடம் அங்கே இறங்க வேண்டியிருந்ததும் மதியத்தில்தான்.

ஓடுபாதையைச் சுற்றிச் சுமார் 55 கிலோமீட்டருக்குள் மழையோ இடியோ இருக்கக்கூடாது என்பது அப்போதைய விதி. ஓடத்தின் உடம்பில் ஒட்டியிருந்த வெப்பத் தடுப்பு ஓடுகள் மிக லேசானவை. அந்த வேகத்தில் மழைத்துளி பட்டாலே அரித்துவிடும். வானிலைக் கணிப்போடும் விட்டதில்லை. அனுபவமுள்ள விண்வெளி வீரர் ஒருவர் பயிற்சி விமானத்தை எடுத்துக்கொண்டு போய், ஓடம் வரப்போகிற பாதையிலேயே பறந்து மேகங்களைக் கண்ணால் பார்த்துச் சொல்லுவார். உள்ளே இருப்பவர்களுக்கும் இது லேசான காரியமல்ல. புவியீர்ப்புக்குத் திரும்பும்போது மயக்கம் வராமலிருக்க உப்பும் நீரும் நிறையக் குடித்துத் தயாராக வேண்டும். முயற்சி தள்ளிப்போனால் அடுத்த முறை மறுபடியும் குடிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கும் மேல் எடையில்லாமல் மிதந்துவிட்டு வந்த சுனிதாவும் அந்தக் காத்திருப்பில் இருந்தார்.

சரி, கல்பனா விஷயத்துக்கு வருகிறேன். 1996இல், அதாவது கல்பனா பலியான கொலம்பியா விபத்துக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, இதே கொலம்பியா ஓடத்தை வானிலை சரியில்லை என்று இரண்டு நாள் மேலேயே நிறுத்திவைத்தார்கள். ஓடங்களின் பயணங்களிலேயே மிக நீண்டது அதுதான், 17 நாளுக்கும் மேல். ஆக, இது விபத்துக்குப் பிறகு வந்த பழக்கமல்ல. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனாவையும் மற்ற ஆறு பேரையும் கொன்றது வானிலையும் அல்ல. புறப்படும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் போட்ட ஓட்டைதான் காரணம். அந்த இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள், மேலதிகாரிகள் அக்கறை காட்டவில்லை.

வானிலையை மதிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வேறு ஒரு நாள் இருக்கிறது: 1986 ஜனவரி 28. இந்தக் குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் சரியாக மூடாது, ஏவாதீர்கள் என்று முந்தின இரவே பொறியாளர்கள் மன்றாடினார்கள். கேட்கவில்லை. சாலஞ்சர் ஓடம் 73 வினாடிகளில் சிதறியது, ஏழு பேர் போய்விட்டார்கள். அன்றைக்கு முடிவெடுத்தவர்களில் யாராவது ஒருவர் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் அவரையும் பயந்தவர் என்றுதான் சொல்லியிருப்பீர்களா?

அட்லாண்டிஸுக்கு அதைச் சொன்னார்கள். ஜூன் 21 அன்று கிடைத்த இரண்டு வாய்ப்புகளையும் விட்டார்கள். மறுநாளும் ஃப்ளோரிடா வானம் வழிவிடாததால், கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டி 1.19. நம் சேனல்கள் பலவும் அந்த இரண்டு நாளும் பதற்றத்தைத்தான் கூட்டின. ஏன் காத்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்து விளக்கியிருந்தால் உங்களுக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது. அந்த விதத்தில் தவறு எங்களைப் போன்ற ஊடகக்காரர்களுடையதும்தான்.

எட்வர்ட்ஸில் இறக்கியதால் ஓடத்தை 747 விமானத்தின் முதுகில் ஏற்றி ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பத்து லட்சம் டாலருக்கு மேல் ஆன வேலை. அந்தச் செலவைப் பற்றிக் கேளுங்கள், விவாதிக்கலாம். காத்திருந்ததைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை.