கடைசிப் பத்தி வேண்டாம் என்றவர்

அன்புள்ள சார்,

வணக்கம். ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வயது முப்பத்து நான்கு. ஆறு வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். பதினோரு கதைகள் முடித்திருக்கிறேன், இரண்டு இணைய இதழ்களில் வந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் கதை எழுதுகிறவர் யாரும் இல்லை. நான் எழுதுவது வீட்டில் தெரியும், படிக்கமாட்டார்கள்.

எழுத்தாளர்கள் எல்லோரும் ஃபேஸ்புக்கில் இருக்கிறார்கள் என்று போன வருடம் கணக்கு தொடங்கினேன். பிடித்த எழுத்தாளர்கள் இருபது பேருக்கு நட்பு அழைப்பு அனுப்பியதில் நான்கு பேர் ஏற்றுக்கொண்டார்கள். எல்லோருக்கும் மெசஞ்சரில் கதையின் பிடிஎஃப் அனுப்பினேன். ஒருவர் கட்டைவிரல் போட்டார், அவ்வளவுதான். வாட்ஸப்பில் ஒரு எழுத்தாளர் குழுவில் சேர்த்துவிட்டார்கள். அங்கே யார் எதைப் போட்டாலும் ‘அருமை’, ‘சிறப்பு’, ஒரு பூங்கொத்து. நானும் போடுகிறேன். போன மாதம் ஒரு கதையை என் பக்கத்தில் போட்டேன், அறுபது லைக். தேனிப் பக்கம் ஒரு அம்மா, அறிமுகமே இல்லாதவர், ‘கதை நன்றாகப் போகிறது, கடைசிப் பத்தி மட்டும் வேண்டாம், முன்னாலேயே புரிந்துவிட்டது’ என்று எழுதியிருந்தார். எல்லோரும் பார்க்கிற இடத்தில் இப்படிச் சொல்லிவிட்டாரே என்று வருத்தமாகி அதை மறைத்துவிட்டேன்.

சமூக ஊடகத்தில் சக எழுத்தாளர்களோடு பழகுவதில் ஏதாவது பயன் உண்டா சார்? இல்லை, எல்லாவற்றையும் மூடிவிட்டு எழுதுகிற வேலையைப் பார்க்கட்டுமா? நீங்கள் உங்கள் கதையை யாரிடம் காட்டுவீர்கள்? அந்தக் கதையை இணைத்திருக்கிறேன். நேரம் இருந்தால் பாருங்கள்.

எம்., ஒட்டன்சத்திரம்

*

அன்புள்ள எம்.,

கடிதத்தைச் சாய்ந்து உட்கார்ந்து வாசித்துக்கொண்டு வந்தவன், அந்தத் தேனி அம்மா வந்த இடத்தில் நிமிர்ந்துவிட்டேன். நீங்கள் அவரைப் போகிற போக்கில் ஒரு வருத்தமாகச் சொல்லிவிட்டுத் தாண்டுகிறீர்கள். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த மெசஞ்சர் விவகாரம். பதில் வரவில்லை என்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நண்பர் பட்டியலில் இல்லாதவர்கள் அனுப்பும் செய்தி தனியாக ஒரு பெட்டிக்குள் போய் விழும், அப்படி ஒரு பெட்டி இருப்பதே பலருக்குத் தெரியாது. நானே என்னுடையதைப் போன பொங்கலுக்குத்தான் திறந்தேன். மூன்று வருடத்துக் கடிதங்கள் உள்ளே கிடந்தன, அதில் ஒருவர் என் கதையை மொழிபெயர்க்க அனுமதி கேட்டிருந்தார். இன்னொன்று, ஃபேஸ்புக்கில் ஒரு கணக்குக்கு 5000 நண்பர்கள்தான் என்று வரம்பு உண்டு. கொஞ்சம் பெயர் தெரிந்த எழுத்தாளர் என்றால் அது எப்போதோ நிரம்பியிருக்கும், அவர் விரும்பினாலும் உங்களைச் சேர்க்க முடியாது. ஆக, பதினாறு பேர் உங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைப்பதற்கு இடமில்லை. பாதிப் பேருக்கு நீங்கள் தட்டிய சத்தமே கேட்டிருக்காது.

கேட்டவர்கள் ஏன் படிக்கவில்லை? சரி, இதை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். காலையில் போனைத் திறந்தால் முன்பின் தெரியாதவரிடமிருந்து ஒரு பிடிஎஃப், ‘கருத்து கூறவும்’ என்று ஒரு வரி. அதற்கு மேலே இன்னொருவருடையது, நாற்பது பக்கம். அதற்கும் மேலே ஒரு கவிதைத் தொகுப்புக்கு அணிந்துரை கேட்டு. இவர்களில் என் எழுத்தில் ஒரு வரியையாவது படித்தவர் யார், இருபது பேருக்கு அனுப்புகிற வழியில் எனக்கும் அனுப்பியவர் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டு யாரும் வரவில்லையே என்று கோபித்துக்கொள்ள முடியாது. நேரில் வந்து வைத்திருந்தால் கதை வேறு.

ஆனால் முறையாக அணுகியிருந்தாலும் அந்த இருபது பேரிடமிருந்து உங்களுக்கு வேண்டியது கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். நீங்கள் மேலே பார்த்துக்கொண்டே நடக்கிறீர்கள். பக்கவாட்டில் பார்க்கவில்லை.

எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் (கி.ரா.) கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்கிற ஒரே கிராமத்துக்காரர்கள், ஏறத்தாழ ஒரே வயது. அழகிரிசாமி சென்னைக்குப் போனார், பிறகு பத்திரிகை வேலையாக மலேயாவுக்கே போனார், கி.ரா. ஊரில் விவசாயம் பார்த்தார். அங்கிருந்தெல்லாம் அழகிரிசாமி இவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார், பிற்பாடு அது புத்தகமாகவே வந்தது. எழுதத் தொடங்கிய காலத்தில் ஒருவர் அரசாங்க உத்தியோகத்தில் குமாஸ்தா, இன்னொருவர் கம்யூனிஸ்ட் கட்சி வேலை பார்த்துக்கொண்டிருந்த விவசாயி, அவ்வளவுதான் அவர்கள் தகுதி. கி.ரா. கதை எழுதத் தீவிரமாக இறங்கியதே உங்கள் வயதில்தான். ஒருவருக்கு இன்னொருவர் கிடைத்தார், தமிழுக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். (ஒரே தெருவில் இப்படி அமைவது லாட்டரி மாதிரி. ஒட்டன்சத்திரத்தில் உங்களுக்கு விழவில்லை, எனக்கும் என் ஊரில் விழவில்லை.)

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. சகவாசம் வேண்டுமென்றால் ஊர் அமைய வேண்டும். கும்பகோணத்தில் பிறந்தால் பிச்சமூர்த்தியும் கு.ப.ரா.வும் இருப்பார்கள், நாகர்கோவில் என்றால் சுந்தர ராமசாமி வீட்டில் ‘காகங்கள்’ என்ற இலக்கியக் கூட்டம் நடக்கும், கோவில்பட்டி என்றால் கவிஞர் தேவதச்சனின் நகைக்கடையில் போய் உட்காரலாம். உட்காரலாம் என்று நான் சொல்கிறேன், நீங்கள் போய் உட்கார்ந்திருக்க முடியுமா? 1970களில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிற பெண், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பஸ் ஏறிப்போய், பத்து ஆண்கள் பீடி குடித்துக்கொண்டு இலக்கியம் பேசுகிற இடத்தில் உட்கார்ந்து, ராத்திரி கடைசி பஸ்ஸில் திரும்பி வந்திருக்க முடியுமா? போனுக்குள் இருக்கிற இந்தச் சந்தடியை நாம் என்ன திட்டினாலும், உங்களை மாதிரி ஒருவருக்கு அது திறந்துவிட்ட கதவு சின்னதில்லை. அதனால் மூடாதீர்கள்.

நான் யாரிடம் கதையைக் காட்டுவேன் என்று கேட்டீர்கள். மஸ்கட்டில் கட்டட வேலைக்கு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த ஒரு நண்பர். இப்போது திருச்சிக்கு வந்துவிட்டார். அவரை நான் பிடித்த கதையைச் சொல்லவேண்டும்.

2006 வாக்கில், இணையத்தில் எழுதத் தொடங்கிய புதிதில், என் தாத்தா கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைத்ததைப் பற்றி உருகி உருகி ஒரு பக்கம் எழுதினேன். மாடு பின்னால் நடந்து வர வர, தண்ணீர் மொள்ளுகிற சால் மேலே ஏறி வந்து தண்ணீர் கொட்டியது என்று ஒரு வரி. பாராட்டாகக் குவிந்தது, ‘கண்ணீர் வந்துவிட்டது’ என்று ஒருவர். அதற்குக் கீழே அறிமுகமில்லாத ஒருவர்: ‘மாடு சரிவில் முன்னால் இறங்கும்போதுதான் வடம் இழுபட்டு சால் மேலே வரும். பின்னால் ஏறும்போது சால் கிணற்றுக்குள் இறங்கும். நீங்கள் எழுதியபடி இறைத்தால் தாத்தா தோட்டத்தில் ஒரு பாத்திகூட நனைந்திருக்காது. வால்கயிற்றை வேறு காணோம், அது இல்லாமல் சாலின் அடியில் இருக்கிற தோல்குழாயான தும்பியிலிருந்து தண்ணீர் எப்படிக் கொட்டும்?’

எனக்கு ரத்தம் கொதித்தது. பெரிய மேதாவி என்று நினைப்பு என்று மனதுக்குள் திட்டினேன். இரண்டு நாள் கழித்து அம்மாவிடம் போனில் கேட்டால் அந்த ஆள் எழுதியதுதான் சரி. நான் பார்த்ததை எழுதவில்லை, பார்த்த ஞாபகத்தை எழுதியிருக்கிறேன். கூச்சத்தோடு ஒரு மின்னஞ்சல் போட்டேன், அவரும் ரகசியமாகக் கதை எழுதுகிறவர் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அவர் பார்க்காமல் என் கதை எதுவும் வெளியே போனதில்லை. என் நீளமான கதை ஒன்றில் முதல் நான்கு பக்கத்தை ‘இது நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டது’ என்று வெட்டிவிட்டார். நேரில் சந்தித்தது இதுவரை மூன்றே முறை, அதில் ஒன்று சென்னை புத்தகக் கண்காட்சியில் ஒரு டீ குடிக்கிற நேரம். அறுபது லைக் போட்டவர்களில் யாருடைய பெயர் உங்களுக்கு இப்போது ஞாபகம் இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

பழக்கம் இப்படித்தான் தொடங்கும், யாரோ ஒருவர் கதையை உண்மையாகவே படித்துவிட்டார் என்கிற இடத்திலிருந்து. நீங்களும் அப்படியே தொடங்கலாம். உங்களைப் போல இரண்டு கதை, ஐந்து கதை எழுதியவர்கள் அதே இணைய இதழ்களில் உங்களோடு வந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் கதையைப் படித்துவிட்டு, பிடித்திருந்தால் எந்த இடம், எதனால் என்று நாலு வரி எழுதுங்கள். ‘மாமியார் சாவியைக் கொடுக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு தூங்கிவிடுகிறாளே, அந்த இடம்’ என்று எழுதினால் போதும். உங்கள் கதையின் சுட்டியைக் கூடவே ஒட்டாதீர்கள். புதிதாக எழுதுகிறவருக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் ஒரு வாரத்துக்கு அது போதும், அவர் தானாகவே உங்கள் கதையைத் தேடிப் படிப்பார். நட்பு அழைப்பையும் சும்மா அனுப்பாமல் ‘இன்ன கதையைப் படித்தேன்’ என்று ஒரு வரியோடு அனுப்புங்கள். உங்கள் பக்கத்தில் முகப்புப் படம் ரோஜாப்பூ, பக்கம் பூட்டியிருக்கிறது. பூட்டி வையுங்கள், அதற்கு உங்களுக்குக் காரணம் இருக்கும், ஆனால் எழுதுகிறவர் என்று ஒரு வரியாவது வெளியே தெரியட்டும்.

பெண் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கதையைப் பற்றி ஒரு வரி பேசிவிட்டு இரவு பதினோரு மணிக்கு ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்கிறவர் எவ்வளவு பெரிய எழுத்தாளராக இருந்தாலும் தடை செய்துவிடுங்கள். இலக்கியத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

வாட்ஸப் குழுவில் இருந்து வெளியேறுங்கள் என்று சொல்லமாட்டேன், அங்கே புத்தக வெளியீடு, போட்டி, கடைசித் தேதி எல்லாம் தெரியவரும். சத்தத்தை மட்டும் அடைத்துவிடுங்கள். சண்டைகளில் மாட்டாதீர்கள். ஒரு விருதுப் பட்டியல் வந்த நாளில், பட்டியலைக் கிண்டல் செய்து ஒருவர் போட்ட பதிவுக்கு நான் பஸ்ஸில் உட்கார்ந்து அரைத்தூக்கத்தில் ஒரு சிரிப்பு போட்டேன். பட்டியலில் இருந்த என் பழைய நண்பர் அதைப் பார்த்துவிட்டார். ஏழு வருடமாகப் பேச்சு இல்லை. நேரில் இருந்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு அன்றைக்கே முடிந்திருக்கும். இன்னும் எனக்கு அது உறுத்தல்தான்.

அப்புறம், கதையை முழுதாக உங்கள் பக்கத்தில் போட்டீர்களே, பல இதழ்கள் ஃபேஸ்புக்கில் வந்ததையும் வெளியானதாகவே கணக்கில் எடுக்கும். இனி ஒரு பத்தி போடுங்கள், போதும். முக்கியமான கடிதப் போக்குவரத்தை மின்னஞ்சலுக்கு மாற்றி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். கி.ரா. அந்தக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் நாம் படிக்கிறோம். ஆர்குட் 2014இல் மூடியது, கூகுள் பிளஸ் 2019இல், யாகூ குழுமங்கள் 2020இல். நானும் மஸ்கட் நண்பரும் முதல் இரண்டு வருடம் கமலையைப் பற்றியும் எழுத்தாளர் மௌனியைப் பற்றியும் போட்ட சண்டையெல்லாம் ஒரு யாகூ குழுமத்தோடு போய்விட்டது.

இனி உங்கள் கதை. படித்தேன். மண்டியில் தக்காளி கொண்டுவந்த விவசாயி, கணக்கு எழுதுகிற பெண், ஏலம். நன்றாக இருக்கிறது, பேச்சு எல்லாம் கச்சிதம். ஆனால் ‘அதிகாலையில் சந்தை பரபரப்பாக இருந்தது’ என்று எழுதுகிறீர்கள். அதை நான் எழுதலாம், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவன். தினமும் அங்கே உட்காருகிற நீங்கள் எழுதக் கூடாது. இரண்டாவது, சீட்டில் கழிவு என்று இரண்டு கிலோவைக் கழிக்கிறாள், அவர் ஒன்றும் கேட்காமல் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைக்கிறார். ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அந்தப் பெண் அதை எழுதும்போது அவள் கை என்ன செய்தது? எனக்கு அங்கே இன்னும் கொஞ்சம் நிற்கவேண்டும் போலிருந்தது.

கடைசிப் பத்தியில் அவள் வீட்டுக்குப் போய், உழைக்கிறவனுக்கு இந்த உலகத்தில் நியாயம் இல்லை என்று யோசிக்கிறாள். தேனி அம்மா சொன்னது சரி.

மறைத்த கருத்தை மறுபடி காட்டுகிற வசதி அங்கேயே இருக்கிறது. காட்டிவிட்டு அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். கோபம் வந்ததையும் சொல்லுங்கள், தப்பில்லை. அவர் பக்கத்தில் போய்ப் பாருங்கள், அப்படி ஒரு வரியைச் சொல்லத் தெரிந்தவர் எங்காவது எதையாவது எழுதி வைத்திருப்பார் என்று தோன்றுகிறது. திருத்திய கதையை எனக்கு அனுப்ப வேண்டாம், அவருக்கு அனுப்புங்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து தேனி எவ்வளவு தூரம், இரண்டரை மணி நேரம் இருக்குமா?