ட்ரேமண்ட் கிரீன் வேண்டுமென்றேதான் அடிக்கிறாரா, இல்லை ஆட்ட வேகத்தில் பட்டுவிடுகிறதா?

கேள்வி கேட்டவர் அநேகமாக வாரியர்ஸ் ரசிகர். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் கிரீனுக்குப் பேர் வாங்கித் தந்த அணி அது. ஆபீசிலோ ஹாஸ்டலிலோ எவனோ ஒருத்தன் "உங்க ஆளு ரவுடிடா" என்று சொல்லி, நீங்கள் மல்லுக்கட்டி, வீடியோவை எல்லாம் காட்டித் தோற்றுப்போய், ஆள் சேர்க்க இங்கே வந்திருக்கிறீர்கள். தப்பில்லை. ஆனால் என்னிடம் பாதி ஆதரவுதான் கிடைக்கும்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். சில தடவை வேண்டுமென்றேதான். சில தடவை இல்லை. பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அது பிடிபடுவதில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் என் முன்பல் அதில்தான் போனது.

தெரியாதவர்களுக்காக முதலில் கிரீனின் ஜாதகம். 2016 மே மாதம் ஓக்லஹோமா சிட்டிக்கு எதிராக, ஸ்டீவன் ஆடம்ஸுக்குப் படக்கூடாத இடத்தில் உதை. அடுத்த மாதமே ஃபைனல்ஸ் நான்காவது ஆட்டத்தில் லெப்ரான் ஜேம்ஸ் மேல் ஒரு கைவீச்சு. ஏற்கெனவே சேர்ந்திருந்த ஃபிளேக்ரண்ட் புள்ளிகளோடு (முரட்டு ஃபவுலுக்குக் கணக்கில் ஏறுகிற புள்ளி) இதுவும் சேர்ந்து ஐந்தாவது ஆட்டத்துக்குத் தடை. அப்போது 3-1 என்று முன்னிலையில் இருந்த வாரியர்ஸ் கடைசியில் 4-3 என்று கோப்பையை விட்டது. 2022 அக்டோபரில் பயிற்சியின்போது சொந்த அணிக்காரர் ஜோர்டன் பூல் முகத்திலேயே குத்து. 2023 ஏப்ரலில் கீழே கிடந்த எதிரணி ஆட்டக்காரர் சபோனிஸின் நெஞ்சில் மிதி, ஒரு ஆட்டம் தடை. அதே ஆண்டு நவம்பரில் ரூடி கோபேரைக் கழுத்தோடு வளைத்துப் பிடித்து இழுத்ததற்கு 5 ஆட்டம். டிசம்பரில் நுர்கிச் முகத்தில் விழுந்த அடிக்குக் காலவரையற்ற தடை, அது 12 ஆட்டத்தில் முடிந்தது. நான்கு கோப்பை ஜெயித்தவர், 2017இல் அந்த சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், இல்லாவிட்டால் "நீ கூடைப்பந்தே பார்த்ததில்லை" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள்.

பூல், கோபேர் இரண்டிலும் பேச்சுக்கே இடமில்லை. தன்னிச்சையாகப் போகிற கை கண் சிமிட்டுகிற நேரத்தில் திரும்பிவிடும். கோபேரின் கழுத்தில் இருந்த கை அத்தனை நொடி அங்கேயே இருந்தது. சபோனிஸ் கதை கொஞ்சம் வேறு, அவர் கிரீனின் காலைப் பிடித்தார், அதற்கு அவருக்கும் டெக்னிகல் ஃபவுல், அதாவது நடத்தைக்கான ஃபவுல், கொடுத்தார்கள். ஆனால் காலை ஒருத்தன் பிடித்தால் நாம் உதறி இழுப்போம், அழுத்தி ஊன்றித் தாண்டிப் போகமாட்டோம். நுர்கிச் விஷயத்தில் கிரீன் சொன்னது, அவர் என் இடுப்பைப் பிடித்து இழுத்தார், ரெஃப்ரி கண்ணில் படட்டும் என்று கையை வீசிச் சுற்றினேன், அடிக்க நினைக்கவில்லை என்று. நிறையப் பேர் சிரித்தார்கள். நான் அப்படியே நம்புகிறேன். நம்பினாலும் என் கோபம் குறையவில்லை. அதற்குத்தான் இந்த நீளப் பதில்.

நான் பள்ளியிலிருந்து கல்லூரி முடியும்வரை சென்னையில் கூடைப்பந்தில் சென்டர் ஆடியவள். உயரமான பெண் என்றால் பி.டி. சார் கேட்காமலேயே போஸ்டில், அதாவது ரிங் பக்கத்தில், நிறுத்திவிடுவார், நமக்கு ஷூட்டிங் வருமா என்றுகூடப் பார்க்கமாட்டார். ரெண்டாம் வருஷம் படிக்கும்போது கல்லூரிகளுக்கு இடையே ஒரு டோர்னமெண்ட். ஆகஸ்ட் மாத மத்தியானம், சிமெண்ட் கோர்ட், சூடு ஷூவுக்குள் ஏறி உள்ளங்கால் கொதிக்கும். எதிரணி சென்டர் மாநில அணியில் ஆடிக்கொண்டிருந்த அக்கா. பேர் சொல்லமாட்டேன், இப்போது நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார், நல்ல மனுஷியும்கூட. நாங்கள் எல்லாரும் வார்ம் அப் செய்வதை விட்டுவிட்டு அவர் வார்ம் அப் செய்வதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இதிலேயே பாதி தோற்றாகிவிட்டது.

மூன்றாவது குவார்ட்டரில் வலது கார்னரிலிருந்து ஒரு ஷாட் போனது. நான் இடது பக்கம் அவரை பாக்ஸ் அவுட் செய்யப் போனேன், அதாவது ரிங்கில் பட்டுத் திரும்புகிற பந்து (ரீபவுண்ட்) அவருக்குக் கிடைக்காதபடி உடம்பால் மறிக்க. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள், ஆனால் நான் முகத்துக்கு நேராகப் பார்த்தேன்: பந்து மேலே போய்க்கொண்டிருக்கிறது, எல்லார் கண்ணும் ரிங் மேல், அந்த அக்காவின் கண் மட்டும் ஒரு நொடி பேஸ்லைன் பக்கம் நின்ற ரெஃப்ரியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. மாவட்ட அளவில் ரெண்டு ரெஃப்ரிதான். ரெண்டு பேரும் பந்து இருக்கும் பக்கம் சாய்ந்திருந்தார்கள். அப்புறம் அவர் சுற்றினார், முழங்கை என் வாயில் இறங்கியது. விசில் வந்தது. யாருக்கு? எனக்கு. புஷிங்காம்.

பல்லில் ஒரு துண்டு உடைந்து கோர்ட்டில் கிடந்தது. எங்கள் பி.டி. சார் அதைப் பொறுக்கினார், பல்லைப் பாலில் போட்டு எடுத்துப்போக வேண்டும் என்று எங்கோ படித்திருந்தாராம், எதிரே இருந்த டீக்கடைக்கு ஓடினார். டீ மாஸ்டர் "சக்கரை போடணுமா சார்?" என்று கேட்டிருக்கிறார். கொதிக்கிற பாலில் பல் துண்டோடு புரசைவாக்கத்தில் ஒரு பல் டாக்டரிடம் போய் நின்றோம். அவர் டம்ளரைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தார். அப்புறம் ரூட் கேனல், மேலே கேப்.

அந்தக் கேப் பற்றி இங்கே சொல்லியே ஆகவேண்டும். போன வருஷம் அது ஆடிப்போய்ப் புதிதாகப் போட வேண்டி வந்தது. ஆபீசில் எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று கேட்டால், பல் சிகிச்சைக்குக் கிடையாது, விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் மட்டும் உண்டு என்றார்கள். விபத்துதாங்க என்றேன். எப்போது என்றார்கள். சொன்னேன். போனில் அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சரி, அது பழசு, விடுங்கள். ஆனால் பல் என்ன உடம்பில் சேர்த்தி இல்லையா? சம்பளத்தில் பிடிக்கும்போது பல்லை விட்டுவிட்டா பிடிக்கிறார்கள்? ஒரு கேப்புக்கு இன்று என்ன விலை என்று எந்தப் பல் டாக்டரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி முடித்து நான் சேர்ந்த ஆபீஸ் அணியில் அதே அக்கா எனக்கு சீனியர். ஒரே ஜெர்சி, ஒரே வேனில் பயணம். ஒரு நாள் பிராக்டிஸ் முடிந்து எழும்பூரில் சாத்துக்குடி ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னிக்கு வேணும்னுதானே அடிச்சீங்க?" அவர் கோபப்படவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. "உன்ன அடிக்கணும்னுலாம் இல்லடி. ரீபவுண்டுக்குப் போறப்ப நான் அப்படித்தான் சுத்துவேன். யாராவது இருந்தா படும். அவ்ளோதான்" என்றார். ரெஃப்ரியைப் பார்த்தீர்களே என்றேன். "அது எப்பவும் பாப்பேன்" என்று சொல்லிவிட்டு ஸ்ட்ராவை உறிஞ்சினார்.

நான் சொன்ன நடு என்பது இதுதான். என்னைக் காயப்படுத்தும் எண்ணம் அவருக்கு இல்லை, அது நூறு சதவீதம் உண்மை. அடிபடும் என்பது தெரியும், அதுவும் உண்மை. பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும், விசில் தனக்கு எதிராக வராது என்று பழகிவிட்ட உடம்பு. நட்சத்திரம் ஆனவர்களுக்கு இது சீக்கிரம் படியும், ஏனென்றால் அவர்களைச் சுற்றி எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டே பழக்கியிருக்கிறார்கள், ரெஃப்ரி உட்பட. கிரீன் கையை வீசிச் சுற்றினாரே, பின்னால் ஒரு மூஞ்சி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? இடுப்பைப் பிடித்திருக்கிறவன் வேறு எங்கே இருப்பான்?

என் தம்பி ரெஃப்ரி தேர்வு எழுதி மாவட்ட ஆட்டங்களில் விசில் ஊதுகிறவன். இந்தக் கதையை எடுத்தாலே அவனுக்கும் எனக்கும் வாக்குவாதம். "மனசுக்குள்ள போயெல்லாம் விசில் ஊத முடியாதுக்கா" என்பான். அவன் சொல்வது நியாயம்தான். என்.பி.ஏ. விதியில் ஃபிளேக்ரண்ட் ஒன்று என்றால் தேவையில்லாத இடி, ஃபிளேக்ரண்ட் ரெண்டு என்றால் தேவையில்லாததோடு அளவுக்கும் மீறியது, ஆளை வெளியே அனுப்பிவிடுவார்கள். கையை எவ்வளவு பின்னால் ஓங்கினான், எவ்வளவு பலமாகப் பட்டது, பட்ட பிறகும் கை தொடர்ந்து போனதா என்றுதான் பார்ப்பார்கள். நாம் இங்கே ஆடுகிற ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துச் சங்கம்) விதியில் அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல், ரெண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கே. அங்கேயும் பந்துக்காக நியாயமாகப் போனானா, அளவுக்கு மீறி முரட்டுத்தனமாக இடித்தானா என்பதுதான் கேள்வி.

அதனால்தான் கோபி பிரையன்ட்டுக்கு 2007இல் தடை வந்தது. ஜனவரியில் ஷாட் போட்டுவிட்டு வீசிய கை மனு ஜினோபிலி முகத்தில் பட்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்று கோபி சொன்னார். அது கூடைப்பந்தில் இயல்பாக வருகிற அசைவு இல்லை என்று சொல்லி லீக் ஒரு ஆட்டம் உட்காரவைத்தது. மார்ச்சில் மார்கோ யாரிச் மேல் அதே மாதிரி, மறுபடி ஒரு ஆட்டம். ஒரே மாதிரி ஷாட்டுக்குப் பிறகு ஒரே மாதிரி கை ஒரே மாதிரி மூஞ்சியில் போய் விழுந்தால், அதைத் தற்செயல் என்று எத்தனை தடவை சொல்வது? கோபி ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானே அந்தக் காலத்தில் அவருடைய 24ஆம் எண் போட்ட டீ-ஷர்ட் வைத்திருந்தவள்.

லெப்ரானும் இதற்கு விலக்கில்லை. 2021 நவம்பரில் ஃப்ரீ த்ரோவுக்கு பாக்ஸ் அவுட் செய்யும்போது ஐசையா ஸ்டூவர்ட்டின் முகத்தில் கை பட்டு ரத்தம் கொட்டியது. 19ஆவது சீசனில் அவருக்கு வந்த முதல் தடை அது, ஒரு ஆட்டம். ரத்தத்தோடு துரத்திக்கொண்டு ஓடிய ஸ்டூவர்ட்டுக்கு ரெண்டு ஆட்டம். அடிபட்டவனுக்கு அதிகம்! பார்த்தபோது என் நாக்கு தானாக அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தது.

நட்சத்திரங்கள் மட்டும்தான் அடிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படித் திரிக்காதீர்கள். வாங்குகிறவர்களும் அவர்கள்தான். மைக்கேல் ஜோர்டனை மடக்க டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் தனியாகத் திட்டமே வைத்திருந்தது, உள்ளே வந்தால் இடித்துத் தள்ளு என்பது அதில் ஒரு பகுதி. 2024 ஜூன் 1ஆம் தேதி பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்கை எதிரணியின் கென்னடி (Chennedy) கார்ட்டர் இடுப்பால் இடித்து விழவைத்தபோது பந்து ஆட்டத்துக்குள்ளேயே வரவில்லை, வெளியில் இருந்து போடவே இல்லை. அன்றைக்குச் சாதாரண ஃபவுல், மறுநாள் லீக் அதை ஃபிளேக்ரண்ட் ஒன்றாக மாற்றியது. பந்து அங்கே இல்லாதபோது வருகிற இடிக்கு ஆட்ட வேகம் என்று சாக்குச் சொல்ல முடியாது, எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

இன்னொன்று, இதைப் படித்துவிட்டு "கூடைப்பந்து அடிதடி விளையாட்டு, பயமிருந்தால் கேரம் ஆடு" என்று எழுத வருகிற அண்ணன்களுக்கு. ரிங் அடியில் நான் வாங்காத இடி இல்லை, கொடுக்காத இடியும் இல்லை. தோளால் தள்ளுவது, இடுப்பால் இடம் பிடிப்பது, ஸ்க்ரீனில் (வழியை மறித்து நிற்பதில்) முட்டுவது எல்லாம் ஆட்டம்தான், வீட்டுக்குப் போய் ஐஸ் வைத்துக்கொள்வோம். கழுத்துக்கு மேலே போகிற முழங்கை வேறு.

உங்கள் நண்பரிடம் மறுபடி வாதாடப் போகிறீர்கள் என்றால் கோபேரையும் பூலையும் பேசாமல் விட்டுக்கொடுத்துவிடுங்கள், அதில் நின்றால் மானம் போகும். நுர்கிச்சில் அடிக்க நினைக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம், ஆனால் அதனால் தடை தப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். 2016 லெப்ரான் விஷயத்தை அவர் எடுத்தால் விடாதீர்கள், அதில் நான் உங்கள் பக்கம். கிரீன் கை வீசியது தப்புதான். ஆனால் அதற்கு முன்னால் லெப்ரான், கீழே கிடந்த கிரீனைத் தாண்டிக்கொண்டு போனார். கீழே கிடக்கிற ஆளைத் தாண்டிப் போகிற பழக்கம் எந்த ஊரில் உண்டு? எங்கள் வீட்டில் தம்பி படுத்திருக்கும்போது நான் தெரியாமல் தாண்டினாலே, பிள்ளை வளரமாட்டான் என்று பாட்டி பிடித்துத் திரும்பத் தாண்ட வைப்பார். சீண்டியதற்கு லெப்ரானுக்கும் ஒரு டெக்னிகல் ஃபவுல் எழுதினார்கள். உட்கார வைத்தது என்னவோ கிரீனை மட்டும்தான்.