கேள்வி-பதில்: புல் விதையும் வெள்ளைப் பூ மரமும்

கேள்வி: அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் பக்கம் சென்ற ஆண்டுதான் வீடு வாங்கினோம். பனி உருகியதும் பார்த்தால் புல்தரையில் அங்கங்கே சொட்டை. புல் விதை ஒரு பை, கிராப்கிராஸ் களை முளைக்காமல் தடுக்கும் மருந்து ஒரு பை வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் தூவலாமா?

பதில்: தூவினால் விதைக்குக் கொடுத்த காசு மண்ணோடு போகும். மருந்துப் பையைத் திருப்பி, செயல்படும் பொருள் எது என்று பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். புரோடயமின், டைதயோபிர் என்று இருந்தால், முளைக்கிற விதையை வேர்விடும்போதே கருக்கிவிடும் மருந்து அது. களை விதை, கடையில் வாங்கிய விதை என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. மாதக்கணக்கில் மண்ணில் வீரியத்தோடு நிற்கும். விதைக்கும்போதே போடக்கூடியது மீசோட்ரையோன் கலந்த பை.

நானாக இருந்தால் விதைப் பையைப் பிரிக்காமல் ரசீதோடு கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். உங்கள் ஊரில் வளரும் டால் ஃபெஸ்க்யூ, கென்டக்கி புளூகிராஸ் என்ற புல் வகைகள் இரண்டும் குளிர் விரும்பிகள். ஏப்ரலில் முளைத்த பிஞ்சுப் புல் ஜூலை வெயிலில் துவண்டுபோகும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் விதைப்பதே சரி. அப்போது வாங்கும் பையின் சீட்டில் முளைப்புத் திறன், சோதித்த மாதம், களை விதையின் சதவீதம் மூன்றையும் பாருங்கள். அழகான பச்சைப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

களைத்தடுப்பை மண்ணின் வெப்பம் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டும் வாக்கில் போட வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் தெருவில் மஞ்சளாகப் பூக்கும் ஃபோர்சித்தியா செடியைக் கவனியுங்கள். அதன் பூ உதிர்வதற்குள் வேலையை முடித்துவிடுங்கள். புல்லை மூன்று அங்குலத்துக்குக் கீழே வெட்டாமல் இருந்தாலே பாதிக் களை நிழலில் அடங்கிவிடும். அதற்குச் செலவு இல்லை.

கேள்வி: வாசலில் இரண்டு பேரி மரங்கள், ஏப்ரலில் இலை தெரியாமல் வெள்ளையாகப் பூக்கின்றன. இதற்கு அரசாங்கத் தடை இருக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வெட்டாவிட்டால் அபராதமா?

பதில்: பயப்பட வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது காலரி பேரி என்ற அலங்கார மரமாக இருக்கும். 2023 ஜனவரி முதல் ஒஹாயோவில் காலரி பேரி மரத்தை விற்கவோ நடவோ கூடாது. ஏற்கெனவே நிற்கும் மரத்தை வெட்டியாக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் வெட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சீனத்திலிருந்து வந்த மரம் இது. பிராட்ஃபோர்ட் என்ற ரகத்தை அமெரிக்க வேளாண் துறையே 1963-இல் வெளியிட்டது. எல்லாம் ஒரே மரத்தின் ஒட்டுக்கன்றுகள் என்பதால் தங்களுக்குள் காய் பிடிக்காது. வீதி முழுக்க நட்டார்கள். கிளைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து நெருக்கிக்கொண்டு கிளம்புவதால் இருபது வருடத்துக்குள் காற்றிலும் பனியிலும் மரம் இரண்டாகப் பிளந்தது. அதற்கு மாற்றாக அரிஸ்டோகிராட், கிளீவ்லாண்ட் செலக்ட் என்று வேறு ரகங்களை நட்டார்கள். அங்கேதான் வினை. ஒரு ரகத்தின் மகரந்தம் இன்னொன்றில் சேர்ந்து காய்த்துத் தள்ளியது. பறவைகள் தின்று போட்ட விதையெல்லாம் முள்மரமாக முளைத்து, இன்று நெடுஞ்சாலை ஓரமெல்லாம் வெள்ளைப் புதராக நிற்கிறது. வாசலில் நின்று அந்தப் பூவை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்: கருவாட்டு வாடை. பார்வைக்கு மல்லிகை, மூக்குக்கு மீன் சந்தை!

வெட்டுவதற்கு மூன்று பேரிடமாவது எழுத்தில் விலை கேளுங்கள். அடிக்கட்டையை அரைத்தெடுப்பதும் கிளைகளை அள்ளிப்போவதும் அதில் அடக்கமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான். கிளை விழுந்து ஓடு உடைந்தால், ஆள் விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு? அதற்கான காப்பீட்டுச் சான்று இல்லாதவர் பாதி விலை சொன்னாலும் வேண்டாம். கட்டையை அரைக்கப் போவதில்லை என்றால், வெட்டிய கையோடு அதன் ஓரத்து வளையத்தில் கிளைஃபோசேட் அல்லது டிரைகுளோபிர் களைக்கொல்லியைத் தடவச் சொல்லுங்கள். தடவாமல் விட்டால் கோடைக்குள் சுற்றிலும் துளிர்த்துவிடும்.

பதிலுக்கு வெள்ளைப் பூவே வேண்டுமென்றால் சர்வீஸ்பெர்ரி நடுங்கள். அந்த மண்ணின் மரம். ஜூனில் பழமும் தரும், பறவைகள் மிச்சம் வைத்தால். குழி தோண்டுவதற்கு முன் 811 என்ற தொலைபேசி எண்ணை அழைத்தால் மண்ணுக்கடியில் ஓடும் எரிவாயு, மின்சாரக் குழாய்த்தடங்களை இலவசமாக வந்து குறித்துவிட்டுப் போவார்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்த ஒருவர் பேச்சில் மயங்கி, வருடத்துக்கு ஆறு தடவை புல்தரைப் பராமரிப்பு என்று நேற்று மாலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். திரும்பப் பெறலாமா?

பதில்: பெறலாம். வீடு தேடி வந்து 25 டாலர் அல்லது அதற்கு மேல் விற்றால், மூன்றாவது வேலைநாள் நள்ளிரவு வரை ரத்து செய்யும் உரிமையை மத்திய விதி தருகிறது. சனிக்கிழமையும் வேலைநாள் கணக்கில் சேரும். ஞாயிறும் அரசு விடுமுறையும் சேராது. ஒப்பந்தத்தோடு ரத்துப் படிவம் இரண்டு பிரதி கொடுத்திருக்க வேண்டும். ஒன்றில் கையெழுத்திட்டுத் தேதி போட்டு, பதிவுத் தபாலில் இன்றே அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னால் போதும் என்று அவர் சொன்னாலும் தபால் ரசீது உங்கள் கையில் இருக்கட்டும்.