ஐக்கியக் கூட்டம் போட்டால் ஐக்கியம் வருமா?

கேள்வி: சேகரக் கமிட்டி (சபை நிர்வாகக் குழு) தேர்தலுக்குப் பிறகு எங்கள் சபை இரண்டு அணியாக நிற்கிறது. தோற்ற அணியினர் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வருவதில்லை. ஏழைகள் நிதி தங்கள் தெருப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை என்கிறார்கள். வெளியூர்ப் பிரசங்கியாரை வைத்து ஐக்கியக் கூட்டம் நடத்தியும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பிரசங்கியார் என்ன செய்வார், பாவம்! அவர்கள் கேட்பது கணக்கு. நீங்கள் கொடுத்தது பிரசங்கம்.

எருசலேம் சபையிலும் இதே வழக்குதான் (அப்போஸ்தலர் 6). அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், தங்கள் விதவைகள் விடுபடுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். 'முறுமுறுப்பது பாவம்' என்று அப்போஸ்தலர்கள் உபதேசம் பண்ணவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையிடமே சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி நிக்கொலா வரை பட்டியலைப் பாருங்கள், ஏழும் கிரேக்கப் பெயர்கள். உங்கள் கமிட்டிக்கு அந்தத் துணிச்சல் உண்டா? ஏழைகள் நிதிக்கு மூவர் குழு போட்டு, இருவரைத் தோற்ற அணியிலிருந்து எடுங்கள். உதவி பெறுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதிக் கூச வைக்க வேண்டாம். எந்தத் தெருவில் எத்தனை குடும்பம், எவ்வளவு தொகை என்று மாதாமாதம் ஒட்டினால் போதும்.

ஆளுக்கு ஆள் உள்ள மனத்தாங்கலுக்கு மத்தேயு 18:15-17 வரிசையே சொல்லியிருக்கிறது: முதலில் தனித்துப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிப்போ, அப்புறம்தான் சபை. நம் ஊரில் இது தலைகீழ். வாட்ஸ்அப் குழுவில் தொடங்கி, பேராயருக்கு மனு போய், கடைசியில்தான் மனத்தாங்கல் உள்ளவர் வீட்டுப் படி ஏறுகிறோம். கூட்டிப்போகிறவர்களும் நம் அணி ஆட்களாகவே இருந்தால் கதவு திறக்காது. இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை உள்ள மூத்த அம்மா ஒருவர் போதும்.

வீட்டு ஜெபக்கூட்டங்களைத் தெருவாரியாகப் பிரியுங்கள். குழுவுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு மணி நேரம், முடிவில் டீ. வடை, கேசரி, பிரியாணி என்று வீட்டுக்கு வீடு ஏறிக்கொண்டே போனால், முடியாத குடும்பம் 'இந்த மாதம் எங்கள் வீடு வேண்டாம்' என்று ஒதுங்கும். அதையும் கமிட்டி 'எதிரணி' என்று எழுதிக்கொள்ளும்.

அடுத்து அசனம், அதாவது சபையார் கூடி உண்ணும் விருந்து. கொரிந்து சபையின் விருந்தில் ஒருவன் பசியாயிருக்க, இன்னொருவன் வெறிகொள்ளுமட்டும் குடித்தான். பவுல் சொன்ன தீர்வு, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும் என்பது (1 கொரிந்தியர் 11:33). உங்கள் அசனத்தில் முதல் பந்தி யாருக்கு? இந்த ஆண்டு கமிட்டியார் கடைசிப் பந்தியில் உட்காரட்டும். அதுவரை கறித்துண்டு மிஞ்சும்படி பரிமாற ஆள் போடுவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.