மொரால்டோ ஏறிய ரயில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் ‘இ வித்தெல்லோனி’ (1953) படத்தைப் பார்த்தேன். முப்பதை நெருங்கியும் வேலைவெட்டி இல்லாமல் ஒரு கடற்கரைச் சிற்றூரில் சுற்றித் திரியும் ஐந்து நண்பர்களை இயக்குநர் கண்டிக்காமல், நம்மைச் சிரிக்கவைத்தே அவர்களைத் தப்பவிடுகிறார் என்று பட்டது. இறுதியில் ஐவரில் மொரால்டோ மட்டும் ரயிலேறுகிறான். ஊரை விட்டுப் போனால் ஒருவன் ஆளாகிவிட்டதாக ஆகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சிரிப்பு அவர்களைத் தப்பவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஐவரில் ஒருவனாக ஆல்பர்ட்டோ சோர்டி நடித்த பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். சகோதரி ஓல்காவின் சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டே, மணமான ஒருவனோடு அவள் பழகுவதால் அம்மா கண்ணீர் விடுகிறாள் என்று அவளுக்கே புத்தி சொல்கிறவன் அவன். திருவிழா இரவில் பெண்வேடமிட்டுக் குடித்துவிட்டு, காகிதக்கூழில் செய்த பெரிய தலையொன்றை இழுத்துக்கொண்டு விடியலில் அவன் வீடு திரும்பும்போது, ஓல்கா அந்த மனிதனோடு ஊரை விட்டே கிளம்புகிறாள். தானே வேலை தேடிக்கொள்வதாக அம்மாவிடம் சொன்ன கையோடு அவன் தூங்கிப்போகிறான். சாலைப் பணியாளர்களைக் காரிலிருந்து கேலி செய்துவிட்டுச் சற்றுத் தூரத்தில் கார் நின்றுபோக, அவர்களிடம் அகப்படாமல் ஓடுகிறவனும் இவனே. இதைவிடக் கடுமையாக ஓர் இயக்குநர் எப்படித்தான் கண்டிப்பது?

மொரால்டோவைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. ஐவரில் ஒருவனும் தன் தங்கையின் கணவனுமான ஃபௌஸ்டோ அவளுக்குச் செய்யும் துரோகங்களைக் கண்டும் அவன் வாய்திறப்பதில்லை. அந்த ஃபௌஸ்டோ வேலை பறிபோன கடையிலிருந்து தேவதைச் சிலையைத் திருடி விற்க அலையும்போது மொரால்டோவும் கூடவே நடக்கிறான். இரவெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பும் அவன், விடியுமுன் ரயில் நிலைய வேலைக்குப் போகும் சிறுவன் குவிடோவோடுதான் மனம் விட்டுப் பேசுகிறான். ஐவரில் எவருக்கும் அமையாத ஒழுங்கு அந்தப் பையனுக்கு அமைந்திருக்கிறது. இறுதியில் ரயிலேறும்போது, எங்கே போகிறாய் என்று அந்தச் சிறுவன் கேட்கையில் மொரால்டோவிடம் பதில் இல்லை. ரயில் நகர, கேமரா நண்பர்களின் படுக்கைகளைக் கடந்து செல்கிறது. அவர்களைப் பிரிகிறான் என்பதற்கு மேல் படம் எதையும் உறுதிசொல்வதில்லை.

சொந்த ஊரான ரிமினியிலிருந்து இளமையிலேயே ரோமுக்குப் போன ஃபெலினிக்கு, ரயிலேறுவது மட்டும் போதாது என்பது தெரிந்தேயிருந்தது. மொரால்டோவின் நகர வாழ்வைத் திரைக்கதையாக எழுதிப் படமாக்காமல் விட்டார். அதன் கூறுகள் சில ‘லா டோல்சே வீட்டா’வில் (1960) சேர்ந்தன. அதன் நாயகன் மார்செல்லோ வேலையும் காரும் உள்ள ரோம் பத்திரிகையாளன்; ஆனாலும் எதையும் முடிவெடுக்க இயலாமல் இரவு முழுவதும் அலைகிறான். அடுத்து அதைப் பாருங்கள்.