ஒரே அரங்கம், இரண்டு அணிகள்: கேள்வி பதில்

மிலான் நகரின் இரண்டு பெரிய அணிகளான மிலானும் இன்டரும் சேர்ந்து, இப்போது பகிரும் சான் சிரோவுக்குப் பதிலாகப் புதிய அரங்கம் கட்டப்போகின்றன என்ற செய்தி உறுதியானதிலிருந்து, கால்பந்து அரங்கங்கள் பற்றி என்னிடம் கேள்விகள் குவிந்துவிட்டன. பார்வையாளர் இருக்கைகளின் அமைப்பைக் கணக்கிட்டு வரைவது என் தொழில். அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: சான் சிரோ கிட்டத்தட்ட நூறு வயதான அரங்கம். அதைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ளக் கூடாதா? இடித்தே ஆக வேண்டுமா?

எனக்கும் அந்தக் கட்டடத்தின் மீது தீராத பிரியம் உண்டு. 1926இல் மிலான் அணிக்காகத் திறக்கப்பட்டது. இன்டர் 1947இல் வந்து சேர்ந்தது. இரண்டாம் அடுக்கு 1955இல் முடிந்தது. 1990 உலகக் கோப்பைக்காக மூன்றாம் அடுக்கையும் கூரையையும் ஏற்றினார்கள். அவற்றைத் தாங்க எழுப்பிய 11 கான்கிரீட் கோபுரங்களும் மேலே ஓடும் சிவப்பு உத்தரங்களும்தான் இன்று உலகமே அடையாளம் காணும் சான் சிரோ.

ஒரு காலத்துக் கட்டடத்தின் மேல் இன்னொரு காலத்துக் கட்டடத்தை ஏற்றியதுதான் அதன் அழகு. சிக்கலும் அங்கேயே இருக்கிறது. நடைபாதைகள், படிக்கட்டுகள், கழிப்பறைகள் எதையும் விரிக்க இடமில்லை. இரண்டு அணிகளும் மாறி மாறி ஆடுவதால் ஆண்டுக்கு ஐம்பது ஆட்டங்களுக்கு மேல் நடக்கின்றன. எந்தப் பகுதியை, எப்போது மூடி வேலை செய்வது? ஓர் அணி மட்டும் இருந்தால் இரண்டு பருவங்களுக்கு வேறு இடம் தேடலாம். இரண்டு அணிகளுக்கும், அந்த ரசிகர் கூட்டத்துக்கும் ஈடுகொடுக்கும் இன்னொரு அரங்கம் அந்த நகரில் இல்லை.

2025 செப்டம்பர் இறுதியில் மிலான் மாநகர மன்றம் அரங்கத்தையும் சுற்றியுள்ள நிலத்தையும் இரு அணிகளுக்கும் விற்க ஒப்புதல் தந்தது. விலை 197 மில்லியன் யூரோ. நவம்பரில் பத்திரம் பதிவானது. அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. இரண்டாம் அடுக்குக்கு 70 வயது நிறைந்தால் பாரம்பரியச் சின்னப் பாதுகாப்பு வந்துவிடும். பிறகு இடிக்க முடியாது. ஃபோஸ்டர் நிறுவனமும் மானிகா நிறுவனமும் வடிவமைக்கும் புதிய அரங்கில் 71,500 இருக்கைகள் இருக்கும். பழைய கட்டுமானத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் விட்டுவைப்பதாகத் திட்டம். இடிப்பது தவிர்க்க முடியாதது என்பதை ஏற்கிறேன். ஆனால் நூறாண்டு நினைவுக்கு ஒரு துண்டுச் சுவர் போதாது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: புதிய அரங்கங்களில் எல்லாம் ஆடுகளத்துக்கு அருகில் உட்காரலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். பழைய அரங்கங்களில் ஏன் அதைச் செய்யவில்லை? இரண்டு வரிசையை முன்னால் தள்ளிப்போட்டால் தீர்ந்ததே?

நல்ல கேள்வி. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஓர் அரங்கத்தின் தலையெழுத்தே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

உங்கள் கண்ணிலிருந்து ஆடுகளத்தின் அருகிலுள்ள கோட்டுக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். முன்னால் இருப்பவரின் கண்மட்டத்துக்கு எவ்வளவு மேலே அந்தக் கோடு போகிறது என்பதைத்தான் நாங்கள் 'சி மதிப்பு' என்கிறோம். 12 செ.மீ. இருந்தால் அவர் தலைக்கு மேலே தடையில்லாமல் பார்க்கலாம். 9 செ.மீ. என்றால் தலையைச் சற்று நிமிர்த்த வேண்டும். 6 செ.மீ. என்றால் இரண்டு தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே போனால் டிக்கெட் விற்பதே பாவம்.

இப்போது ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். முன்வரிசைக்காரரின் கண் கோட்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி, 8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. படியின் ஆழம் 80 செ.மீ. 9 செ.மீ. சி மதிப்பு வேண்டுமென்றால் அடுத்த படி ஏறத்தாழ 41 செ.மீ. உயர வேண்டும். அதே வரிசையைத் தடகள ஓடுபாதைக்காக 9 மீட்டர் பின்னால் தள்ளுங்கள். இப்போது 31 செ.மீ. உயர்த்தினாலே போதும்.

அதாவது தள்ளிப் போகப் போக அரங்கம் தட்டையாகும்; நெருங்கி வந்தால் செங்குத்தாகும். ஏற்கனவே தட்டையாகக் கட்டிய மாடத்துக்கு, அதாவது இருக்கைப் படிகளின் தொகுதிக்கு, முன்னால் இரண்டு வரிசையைச் சேர்த்தால், அந்த இரண்டு வரிசைக்காரர்கள் மகிழ்வார்கள். கோட்டருகே நடப்பதைப் பின்னால் இருப்பவர்களிடமிருந்து அவர்களின் தலைகள் மறைத்துவிடும். நெருக்கம் வேண்டுமானால் முதல் படியிலிருந்தே செங்குத்தாகத் திட்டமிட வேண்டும். அதற்கும் எல்லை உண்டு: சுமார் 35 டிகிரிக்கு மேல் சாய்வு போனால் படியில் இறங்குபவருக்குத் தலைசுற்றும், தடுக்கினால் ஆபத்து. லண்டனின் டோட்டன்ஹாம் அணி 2019இல் திறந்த அரங்கில் கோல் கம்பத்துக்குப் பின்னால் 17,500 பேர் அமரும் ஒற்றை அடுக்கு மாடம் அந்த எல்லைவரை ஏறுகிறது. லிவர்பூல் நகரின் எவர்ட்டன் அணியின் புதிய அரங்கில் தெற்கு மாடம் 13,000 பேருக்கு அதே எண்ணத்தில் எழுந்தது. ஒற்றை அடுக்காக ஒரே மக்கள் சுவர் எழும்பினால் பாட்டு ஒரே குரலாக வரும். இந்த இரண்டு மாடங்களையும் பார்க்கும்போது என் தொழிலை நினைத்துப் பெருமைப்படுகிறேன்.

கேள்வி: எதிரி அணியின் வண்ணத்தில் இருக்கும் இருக்கையில் நான் எப்படி உட்கார்வது? அரங்கம் என்பது வீடு இல்லையா, அண்ணா?

வீடுதான், தம்பி. அதை மறுக்கவே மாட்டேன். பயர்ன், 1860 மியூனிக் என்ற இரண்டு அணிகளுக்காக மியூனிக்கில் 2005இல் திறந்த அலியான்ஸ் அரங்கம் இந்தக் கேள்விக்கு அழகான விடை கண்டுபிடித்தது. வெளிச்சுவர் முழுவதும் காற்றடைத்த பிளாஸ்டிக் மெத்தைகள். உள்ளிருந்து விளக்கு எரியும். பயர்ன் ஆடினால் சிவப்பு, 1860 மியூனிக் ஆடினால் நீலம், ஜெர்மனி ஆடினால் வெள்ளை. உள்ளே இருக்கைகள் யாருக்கும் சொந்தமில்லாத சாம்பல் நிறம்.

அங்கே ஒப்பந்தத்தை முறித்தது வண்ணம் இல்லை, பணம். ஆளுக்குப் பாதி என்று தொடங்கினார்கள். 2006இலேயே 1860 அணி கடனில் சிக்கி, தன் பாதியை 11 மில்லியன் யூரோவுக்குப் பயர்னிடமே விற்றது. பங்காளி வாடகைக்காரரானார். இரண்டாம் பிரிவில் ஆடும் அணிக்கு அவ்வளவு பெரிய அரங்கம் எதற்கு? பாதிக்கு மேல் காலியான மாடங்கள். வாடகை மட்டும் குறையவில்லை. 2017இல் தரமிறங்கி, உரிமமும் கிடைக்காமல் நான்காம் பிரிவுக்குப் போனபோது, நகருக்குள் இருந்த பழைய சிறு மைதானத்துக்கே திரும்பினார்கள். அடுத்த ஆண்டே சாம்பல் இருக்கைகள் சிவப்பாகின.

இதனால்தான் பகிரலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது பகையின் ஆழத்தை அல்ல. இரண்டு அணிகளின் கூட்டமும் வருமானமும் ஒத்த அளவா என்பதை. மிலானும் இன்டரும் ஒத்தவர்கள், அதனால் எண்பது ஆண்டுகளை நெருங்குகிறார்கள். அமெரிக்கக் கால்பந்தில் நியூயார்க்கின் ஜயன்ட்ஸ், ஜெட்ஸ் அணிகள் 2010இல் சரிபாதிப் பங்கில் ஓர் அரங்கம் திறந்தன. இருவருக்கும் தனித்தனி உடைமாற்றும் அறை, விருந்தாளிகளுக்கு வேறு இரண்டு. ஓர் அணி ஆடும் நாளில் மற்றதன் அறை பூட்டியே இருக்கும். சமமானவர்களுக்குள் பகிர்வு நிற்கும். பெரியவனும் சின்னவனும் பகிர்ந்தால் சின்னவன் கரைந்துபோவான்.

கேள்வி: லிவர்பூலும் எவர்ட்டனும் ஏன் சேர்ந்து ஒன்று கட்டவில்லை? இரண்டு அரங்கங்களுக்கும் நடுவே ஒரு பூங்காதானே இருந்தது!

அந்த யோசனை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பலமுறை பேசப்பட்டது. செலவு மிச்சம் என்று வெளியே இருந்தவர்கள் சொன்னார்கள். இரு பக்க ரசிகர்களும் விரும்பவில்லை. இத்தனைக்கும் ஆன்ஃபீல்டில் முதலில் ஆடியது எவர்ட்டன்தான், 1884 முதல் 1892 வரை. இடத்தின் உரிமையாளரோடு வாடகைத் தகராறு முற்றி, அணி பூங்காவின் மறுபக்கம் குடிஸன் பார்க்குக்குப் போனது. காலியான மைதானத்தில் ஆடுவதற்காகவே லிவர்பூல் அணி உருவானது.

ஆன்ஃபீல்டை விரிக்க இடம் கிடைத்தது. எவர்ட்டனுக்குக் குடிஸனில் கிடைக்கவில்லை. அதனால் 2025இல் பிராம்லி மூர் கப்பல் துறையில் சுமார் 53,000 பேருக்கான அரங்கத்துக்கு மாறினார்கள். தனித்தனியாகப் போனது சரியென்றே கருதுகிறேன். ஒவ்வொரு அணியும் தன் அரங்கை நிறைக்கும்போது சேர்த்துவைக்கக் காரணமே இல்லை. குடிஸனை இடிக்காமல் எவர்ட்டன் பெண்கள் அணிக்குக் கொடுத்தார்களே, அதற்காக ஒரு தனி வணக்கம்.

கேள்வி: வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்றால் புல் தாங்குமா?

மிதிபடுவதைவிட நிழல்தான் புல்லுக்குப் பெரிய எதிரி. சான் சிரோவில் மூன்றாம் அடுக்கும் கூரையும் வந்த பிறகு வெயிலும் காற்றும் குறைந்து, தரை பல ஆண்டுகள் பெயர்ந்துகொண்டே இருந்தது. 2012இல் இயற்கைப் புல்லுக்குள் செயற்கை இழைகளைத் தைத்த கலப்புத் தரைக்கு மாறினார்கள். இன்று அந்த இழைகளும், ஆட்டமில்லாத நாள்களில் தரைமேல் உருட்டி நிறுத்தும் விளக்குகளும், அடியில் சூட்டுக் குழாய்களும் இருந்தால் இரண்டு அணிகளைச் சமாளிக்கலாம். இசை நிகழ்ச்சிகளையும் சேர்த்தால்தான் திண்டாட்டம். ஸ்டாக்ஹோமில் ஹம்மர்பியும் யுர்கோர்டனும் பகிரும், மூடும் கூரையுள்ள அரங்கில் செயற்கைப் புல்தான். வசதி புரிகிறது. எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: ஒரே நகரின் இரண்டு அணிகளும் மோதும் டெர்பி ஆட்டத்தில் டிக்கெட் யாருக்கு?

அட்டவணைப்படி எந்த அணியின் சொந்த ஆட்டமோ அதன் சீசன் டிக்கெட்காரர்களுக்கு. மற்ற அணியின் தீவிர ரசிகர்களுக்கு அவர்களின் வழக்கமான முனை கிடைக்கும். மிலானில் தெற்கு முனை மிலானுக்கு, வடக்கு இன்டருக்கு.

கேள்வி: கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கை மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் பகிர்கின்றனவே, ஐயா. அது வெற்றிதானே?

கூட்டத்தைப் பார்த்தால் வெற்றி. 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே இந்த இரு அணிகளின் ஆட்டத்தைப் பார்த்தார்கள். ஆனால் அது அரசின் அரங்கம். இரு அணிகளும் அங்கே விருந்தாளிகள். இரு அணிகளுக்கும் மைதான் பகுதியில் சொந்த மைதானங்கள் உள்ளன, அடையாளம் அங்கே பத்திரமாக இருக்கிறது. சால்ட் லேக்கில் ஆடுகளத்தைச் சுற்றித் தடகளப் பாதை ஓடுகிறது என்பதுதான் என் குறை. ரோமின் ஒலிம்பிகோவிலும் சூரிக்கின் லெட்சிகுரண்டிலும் இதே குறை. பகிர்ந்த அரங்கம் என்றாலே பொது அரங்கம், பொது அரங்கம் என்றாலே ஓடுபாதை என்று ஒரு காலத்தில் பழகிவிட்டார்கள். ஜெனோவா நகரைப் பாருங்கள். ஜெனோவா, சாம்ப்டோரியா என்ற இரண்டு அணிகளும் பகிரும் அந்த நகராட்சி அரங்கை 1990 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்தபோது பாதையே இல்லாமல் நான்கு பக்கமும் நெருக்கிக் கட்டினார்கள். இத்தாலியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கேள்வி: எத்தனை இருக்கைகள் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஆசையை வைத்து முடிவு செய்தால் இத்தாலியின் டூரின் நகரில் நடந்ததுதான் நடக்கும். அங்கே 1990 உலகக் கோப்பைக்காக 69,000 பேருக்கு டெல்லே ஆல்பி அரங்கைக் கட்டினார்கள். யுவென்டஸ், டொரினோ இரண்டும் பகிர்ந்தன. ஓடுபாதை, தொலைவு, குளிர், காலி வரிசைகள். யுவென்டஸ் அதை இடித்து, அதே இடத்தில் 2011இல் சுமார் 41,000 பேருக்கு மட்டும் கட்டியது. முன்வரிசை ஆடுகளத்திலிருந்து ஏழரை மீட்டர். இருக்கைகள் குறைந்தன, அரங்கம் நிறைந்தது. சாதாரண வாரத்து ஆட்டத்துக்கு வரும் கூட்டத்தைக் கொண்டே அளவெடுக்க வேண்டும். இறுதிப் போட்டியை மனத்தில் வைத்து அளவெடுக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் நகரிலும் இரண்டு அணிகளுக்கும் ஒரே அரங்கம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. ரசிகர் சங்கத்தைக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள். நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

வண்ண விளக்கைப் பற்றிக் கேட்காதீர்கள். அதை அவர்களே தருவார்கள். நிலம் யார் பெயரில் இருக்கும் என்று கேளுங்கள். ஓர் அணி தரமிறங்கினால் வாடகை குறையுமா, பங்கை விற்க நேர்ந்தால் மற்ற அணிக்கு விற்பதைத் தடுக்கும் விதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். இரு அணிகளுக்கும் ஒரே வாரம் சொந்த ஆட்டம் விழுந்தால் சனிக்கிழமை யாருக்கு என்பதும் முக்கியம். சின்ன அணிதான் எப்போதும் திங்கள் இரவுக்குத் தள்ளப்படும்.

வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் இரண்டு முனையிலும் ஒற்றை அடுக்கு மாடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முனைதான் என்றால் அதில் எந்த அணியின் ரசிகர்கள் நிற்பார்கள் என்பதில் முதல் சண்டை தொடங்கும். கடைசியாக, மிகத் தாழ்ந்த சி மதிப்பு எந்த வரிசையில், எத்தனை செ.மீ. என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் வரைபடத்தின் நகலை வாங்கி எனக்கு அனுப்புங்கள். நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.