வெண்கோல், ரூபாய் நோட்டு, கேஸ் அடுப்பு: பார்வையற்ற இளைஞர்களின் கேள்விகள்

கேள்வி: கல்லூரிக்கு வெண்கோலோடு தனியாகத்தான் போகிறேன். நடைபாதை விரிசலில் அடிக்கடி மாட்டி, வயிற்றில் குத்துகிறது. வேகமாக நடக்கப் பயம்.

பதில்: நீளத்தை முதலில் பாருங்கள். நிமிர்த்தி நிறுத்தினால் கோல் நடுநெஞ்சு வரையாவது வர வேண்டும். வேகமாக நடப்பவருக்கு அக்குள் வரை, அதற்கு மேலும் இருக்கலாம். குட்டைக் கோல் பள்ளத்தைச் சொல்வதற்குள் கால் உள்ளே போய்விடும். பென்சில் போன்ற மெல்லிய முனை நம் ஊர் நடைபாதைக்கு ஆகாது. உருளும் முனையை மாட்டினால் சிக்குவது வெகுவாகக் குறையும். கை உடம்பின் நடுவில், வயிற்றை ஒட்டாமல் ஒரு சாண் முன்னே இருக்கட்டும். ஆள்காட்டி விரலைப் பிடியின் மேல் நீட்டி, இளக்கமாகப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் அசையுங்கள். இறுக்கிப் பிடித்தால் மோதிய வேகம் அப்படியே வயிற்றுக்கு வரும்.

வலது கால் முன்னே போகும்போது முனை இடப்பக்கம் தொட வேண்டும். அடுத்து இடது கால் இறங்கப்போகும் இடம் அதுதான். வீச்சு தோளைவிட இருபுறமும் ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். இடுப்புக்கு மேல் இருப்பதைக் கோல் சொல்லாது. நிறுத்திய லாரி, தாழ்ந்த மரக்கிளை உள்ள தெருவில் மற்றக் கையை முகத்துக்கு முன் மடக்கி, உள்ளங்கையை வெளிப்புறம் காட்டி நடங்கள்.

கேள்வி: நூறு, இருநூறு, ஐந்நூறு மூன்றும் கையில் ஒரே மாதிரி இருக்கின்றன.

பதில்: குறை உங்கள் விரலில் இல்லை. புதிய 100 ரூபாய் நோட்டின் நீளம் 142 மி.மீ., 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. கடை வாசலில் நின்றுகொண்டு இந்த 4 மி.மீ. வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினம். பழைய 100 ரூபாயோ 157 மி.மீ.; ஐந்நூறையும் மிஞ்சும். ஓரத்துச் சாய்கோடுகள் நூறில் நான்கு, ஐந்நூறில் ஐந்து. இருநூறில் நான்கு கோடுகளுக்கிடையே இரண்டு வட்டங்கள். கசங்கிய நோட்டில் இவை தேய்ந்துபோகும். ஆகவே நோட்டின் மதிப்பைச் சொல்லும் ரிசர்வ் வங்கியின் 'மணி' (MANI) செயலியில் வீட்டிலேயே பார்த்துப் பிரித்துவிடுங்கள். அதற்கு இணையம் வேண்டாம். நூறை மடிக்காமல், இருநூறைக் குறுக்கே மடித்து, ஐந்நூறை நீளவாக்கில் மடித்து வைக்கலாம். மீதி வாங்கும்போது ஒவ்வொரு நோட்டையும் சொல்லித் தரச் சொல்லி, பர்ஸின் தனி அறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளுக்கு 19 வயது. தோழிகளோடு அறை எடுக்கப்போகிறாள். இதுவரை அடுப்புப் பக்கம் விட்டதில்லை.

பதில்: இப்போதே விடுங்கள் அம்மா. முதல் சில நாள் அடுப்பை அணைத்தபடியே பழகட்டும். பாத்திரத்தை பர்னரின் நடுவில் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும்; எரியும் அடுப்பில் பாத்திரத்தைத் தடவி வைக்கும்போதுதான் கை சுடும். கைப்பிடி எப்போதும் ஒரே பக்கம் இருக்கட்டும். துப்பட்டாவைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். எண்ணெயை டப்பாவிலிருந்து சரிக்காமல் சிறு கரண்டியால் மொண்டு ஊற்றட்டும். கடுகு வெடிக்கும் சத்தம் அடங்கியதும் வெங்காயம் போடலாம். வெங்காயத்தை விளிம்புள்ள தட்டில் வைத்து நறுக்கினால் துண்டுகள் சிதறாது. உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், சர்க்கரைக்கு இரண்டு. நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் அவள் மணிக்கட்டைப் பிடிக்காதீர்கள். பிடித்த கையோடு செய்தது அவளுக்கு மனதில் பதியாது.

கேள்வி: பஸ் நம்பர் கேட்டால் தப்பாகச் சொல்கிறார்கள்.

பதில்: "இது 29சி தானே?" என்றால் அவசரத்தில் பலர் "ஆமாம்" என்றுவிடுவார்கள். "இது எந்த நம்பர் பஸ்?" என்று கேளுங்கள். ஏறியதும் கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லுங்கள். உதவுகிறவர் உங்கள் கையைப் பிடித்து இழுத்தால், நீங்களே அவர் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து அரை அடி பின்னால் நடங்கள். அவர் படி ஏறுவதும் இறங்குவதும் உங்கள் கைக்குத் தெரியும்.

கேள்வி: ஓட ஆசை. கூட ஓட நண்பன் தயார்.

பதில்: 30 செ.மீ. கயிறு போதும். இரு முனையிலும் வளையம் போட்டு, ஆளுக்கு ஒன்றை விரல்களில் பிடியுங்கள். கையில் சுற்றக் கூடாது. ஒருவர் விழுந்தால் மற்றவரும் விழுவார். முதலில் மைதானத்தில் நடந்து கைவீச்சு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், பிறகு ஓடுங்கள். மேடு, திருப்பம் எல்லாவற்றையும் இரண்டு மூன்று காலடி முன்பே நண்பர் சொல்லிவிட வேண்டும்.